பிள்ளை பெற்றவளின் கண்ணீரை எழுதிய பெண்மணி: சார்லட் கில்மன் அம்மையார்

வீட்டில் குழந்தை பிறந்தால் எல்லோருக்கும் சந்தோஷம். தெரிந்தவர்களுக்கெல்லாம் சர்க்கரை கொடுக்கிறார்கள், தொட்டில் கட்டுகிறார்கள், பெயர் வைக்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தின் நடுவில், பெற்றவள் மட்டும் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதால் அதை என்னவென்று சொல்வது? பச்சை உடம்பு, நாலு நாளில் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் தேறுதல் சொல்வார்கள். பலருக்கு அப்படியே சரியாகியும் விடுகிறது. சிலருக்கு மாதக் கணக்காகியும் சரியாவதில்லை.

அப்படி மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் அழுத ஒரு தாயின் வரலாறு இது. அவர் அமெரிக்க நாட்டவர். பெயர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன். பிரபல டாக்டர் ஒருவர் அவரைப் படுக்கையில் போட்டுச் சிகிச்சை செய்தார், குணமாகவில்லை. சிநேகிதி ஒருவர் கையைப் பிடித்து எழுப்பி அழைத்துச் சென்றார், எழுந்து நடந்தார். நடந்தது மட்டுமல்ல, தமக்கு நேர்ந்ததை மறைக்காமல் கதையாகவும் எழுதி வைத்தார்.

தகப்பனார் விட்டுப் போன வீடு

1860-ம் வருஷம் ஜூலை 3-ந் தேதி, கனெக்டிகட் மாகாணத்தில் ஹார்ட்போர்டு என்ற நகரில் சார்லட் பிறந்தார். தகப்பனார் பிரெடரிக் பீச்சர் பெர்க்கின்ஸ் நல்ல படிப்பாளி. பிற்காலத்தில் சான்பிரான்சிஸ்கோ பொது நூலகத்தின் தலைவராக இருந்தவர். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து உலகப் புகழ் பெற்ற நாவலை எழுதிய ஹாரியட் பீச்சர் ஸ்டோவ் அம்மையார் அவருக்குச் சித்தி முறை, அதாவது தாயின் தங்கை. இப்படிப் பெரிய குடும்பம்தான். ஆனால் சார்லட் குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் வீட்டை விட்டுப் போய்விட்டார்.

தாயார் மேரி, மகன் தாமஸையும் மகள் சார்லட்டையும் வைத்துக்கொண்டு உறவினர் வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்தார். 18 வருஷங்களில் 19 தடவை வீடு மாற்றினார்களாம். கணவரின் அன்பை நம்பி ஏமாந்த மேரி, தம் மகளும் அன்புக்கு ஏங்கி ஏமாறக் கூடாது என்று ஒரு விசித்திரமான முடிவு செய்தார். குழந்தையை அணைத்துக்கொள்வதில்லை, முத்தமிடுவதில்லை. மகள் தூங்கிவிட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் அவளைத் தழுவிக்கொள்வார். அந்தத் தழுவல் வேண்டும் என்பதற்காகச் சிறுமி சார்லட் ஊசியால் தம்மைக் குத்திக்கொண்டு விழித்திருப்பார். தாயார் வந்ததும் தூங்குவது போலப் பாசாங்கு செய்வார். தாயன்பைப் பற்றி இவ்வளவு சிறு வயதில் இவ்வளவு யோசித்தவர் வேறு யாராவது இருப்பார்களா என்பது சந்தேகமே.

பள்ளிப் படிப்பு துண்டு துண்டாகத்தான் அமைந்தது. 1878-ல் ரோட் ஐலண்டு ஓவியப் பள்ளியில் சேர்ந்து பயின்றார். வியாபாரிகளுக்கு விளம்பர அட்டைகள் வரைந்து கொடுத்தும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தும் சம்பாதித்தார். தேகப் பயிற்சியில் அவருக்கு மிகுந்த பிரியம். ஓடுவார், கயிறு ஏறுவார். தம் உடல் வலிமையிலும் மன உறுதியிலும் பெருமை கொண்ட பெண் அவர். பிராவிடன்ஸ் நகரில் வசித்த அந்தக் காலத்தில்தான் கிரேஸ் சானிங் என்ற பெண்ணோடு சிநேகம் ஏற்பட்டது. இந்தக் கிரேஸ் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தொட்டிலும் கண்ணீரும்

1882-ல் சார்லஸ் வால்டர் ஸ்டெட்சன் என்ற இளம் ஓவியரைச் சார்லட் சந்தித்தார். சந்தித்த சில நாட்களிலேயே அவர் விவாகம் செய்துகொள்ளக் கேட்டார். சார்லட் முதலில் மறுத்தார். குடும்பத்தில் இறங்கினால் எழுத்தும் பொதுத் தொண்டும் போய்விடுமோ என்று பயம். நீண்ட தயக்கத்துக்குப் பிறகு 1884-ம் வருஷம் மே 2-ந் தேதி விவாகம் நடந்தது.

1885 மார்ச் 23-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. காதரின் என்று பெயர் வைத்தார்கள். ஆரோக்கியமான, அழகான குழந்தை. கணவர் அன்பானவர், மனைவிக்கு முடியாதபோது வீட்டு வேலையைத் தாமே செய்தார். தாயார் மேரியும் வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். நல்ல வேலைக்காரியும் இருந்தாள். குறை என்று சொல்ல வெளியே எதுவும் இல்லை.

ஆயினும் சார்லட் நாள் முழுவதும் சோபாவில் படுத்து அழுதுகொண்டிருந்தார். குழந்தையைக் கையில் எடுத்தால் மகிழ்ச்சி வரவேண்டும், வந்தது வலிதான். பால் கொடுக்கும்போது கண்ணீர் குழந்தையின் மேல் விழுந்தது. உடை மாற்றிக்கொள்வதற்கும் கத்தியும் முள்ளும் பிடித்துச் சாப்பிடுவதற்கும் கூடத் தெம்பில்லை. நேற்று வரையில் கயிறு ஏறிய பெண் அவர்! தம்மிடம் ஏதோ குற்றம் இருக்கிறது, தாம் ஒரு கெட்ட தாய் என்ற எண்ணம் அவரை அரித்தது. உடம்பில் காயமும் இல்லை, காய்ச்சலும் இல்லை. ஆகவே இது வெறும் பிடிவாதம் என்று நினைத்தவர்களும் உண்டு.

இன்றைய டாக்டர்கள் அவர் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்துவிட்டு, இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய் என்று சொல்கிறார்கள். பிரான்ஸ் தேசத்து டாக்டர் லூயி விக்டர் மார்ஸே என்பவர் கர்ப்பிணிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் வரும் மனநோய்களைப் பற்றி 1858-லேயே ஒரு தனி நூல் எழுதியிருந்தார். ஆனால் அமெரிக்கக் குடும்பங்களில் அந்தக் காலத்தில் இதற்கு நரம்புத் தளர்ச்சி என்ற ஒரே பெயர்தான்.

பசடேனாவில் ஒரு குளிர்காலம்

1885-ம் வருஷக் கடைசியில், இடம் மாறினால் தேவலையாகும் என்று சார்லட்டை வெளியூர் அனுப்பினார்கள். குழந்தையைத் தாயாரிடமும் கணவரிடமும் விட்டுவிட்டு, நாட்டின் மேற்குக் கோடிக்கு ரெயில் ஏறினார். வண்டி நகர்ந்ததுமே மனத்தில் ஏதோ இறுக்கம் தளர்ந்தது போல இருந்ததாம்.

சிநேகிதி கிரேஸின் குடும்பம் அப்போது கலிபோர்னியா மாகாணத்தில் பசடேனா என்ற ஊரில் குடியேறியிருந்தது. வெயிலும், ரோஜாவும், ஆரஞ்சுத் தோட்டங்களும் நிறைந்த ஊர். சானிங் குடும்பத்தார் சார்லட்டைத் தங்கள் வீட்டுப் பெண் போல ஏற்றுக்கொண்டனர். யாரும் அவரைச் சோதிக்கவில்லை, குற்றம் சொல்லவில்லை. பேச்சுத் துணை இருந்தது. படிக்க, எழுத, நாடகம் போட நேரம் இருந்தது. சில வாரங்களில் முகம் தெளிந்து, உடம்பில் சதை பிடித்தது.

வசந்த காலத்தில் குணமானவராக வீடு திரும்பினார். ஒரு மாதம்கூட ஆகவில்லை; பழைய இருள் மறுபடியும் வந்து மூடியது. அன்பான கணவரும் அருமைக் குழந்தையும் இருக்கும் வீட்டிலேயே தமக்கு நோய் வருகிறதென்றால் யாரிடம் போய் முறையிடுவது?

டாக்டர் மிட்செலின் சிகிச்சை

அக்காலத்தில் பிலடெல்பியா நகரில் டாக்டர் சைலஸ் வியர் மிட்செல் என்பவர் நரம்பு வைத்தியத்தில் நாடு முழுவதும் பெயர் பெற்றிருந்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் குண்டடிபட்ட சிப்பாய்களின் நரம்புக் காயங்களை ஆராய்ந்தவர் அவர். கை, கால் போன பிறகும் அது இருப்பது போலவே தோன்றும் வலியை விவரித்துப் பெயர் கொடுத்தவரும் அவரே. சாமானிய வைத்தியர் அல்ல.

பெண்களின் நரம்புத் தளர்ச்சிக்கு அவர் கண்ட மருந்து பூரண ஓய்வு. நோயாளியை ஆறு முதல் எட்டு வாரம் படுக்கையிலேயே வைப்பார்கள். பாலும் கொழுப்பும் ஏராளமாகக் கொடுத்துப் பெருக்க வைப்பார்கள். உடம்பு பிடித்துவிடுவதும் மின்சாரம் பாய்ச்சுவதும் உண்டு. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, உற்றார் உறவினரைப் பார்க்கக் கூடாது. நோயாளி டாக்டர் சொன்னபடி கேட்க வேண்டும். எதிர்க் கேள்வி இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆண்களுக்கு அதே டாக்டர் வேறு வைத்தியம் சொல்லுவார். நரம்புத் தளர்ச்சியால் தவித்த ஓவன் விஸ்டர் என்ற இளைஞரை 1885-ல் வயோமிங் பிரதேசத்துக்குப் போய்க் குதிரை ஏறி, வேட்டையாடித் திரும்பும்படி அனுப்பினார். போனவர் அங்கே கண்டதை எழுதிப் புகழ் பெற்ற நாவலாசிரியர் ஆனார். ஆணுக்குத் திறந்த வெளி. பெண்ணுக்குப் படுக்கை அறை.

1887-ல் சார்லட் அந்த டாக்டரிடம் போனார். போகுமுன் தம் நோயின் வரலாற்றை விரிவாக எழுதி அனுப்பினார். தன் நோயைப் பற்றித் தானே இவ்வளவு எழுதுவது தற்பெருமையைத்தான் காட்டுகிறது என்று டாக்டர் தள்ளிவிட்டார். சுமார் ஒரு மாதம் சிகிச்சை நடந்தது. ஊட்டினார்கள், குளிப்பாட்டினார்கள், படுக்க வைத்தார்கள். உடம்பு நல்ல உடம்பு. ஆகவே சிகிச்சை பலித்துவிட்டது போலத் தோன்றியது. ஊருக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்ன பத்தியம் இதுதான்: வீட்டோடு வீடாக இருக்க வேண்டும்; குழந்தையை எப்பொழுதும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்; ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு மணி நேரம் படுக்க வேண்டும்; ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மூளைக்கு வேலை கொடுக்கக் கூடாது; ஆயுள் உள்ளவரை பேனாவையோ பென்சிலையோ தூரிகையையோ தொடக் கூடாது.

சார்லட் அந்தப் பத்தியத்தைச் சிரத்தையாகக் கடைப்பிடித்தார். சில மாதங்களில் பைத்தியத்தின் விளிம்புக்கே வந்துவிட்டார். கந்தல் துணியால் ஒரு பொம்மை செய்து, அதைக் கதவுக் குமிழில் மாட்டிவிட்டு அதனோடு விளையாடினார். வீட்டு மூலையிலுள்ள அலமாரி அறைகளுக்குள்ளும் கட்டிலுக்கு அடியிலும் ஊர்ந்து போய் ஒளிந்துகொண்டார். துக்கத்தின் பாரம் தாங்கவில்லை.

கடைசியில் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசிப் பிரிந்து வாழ்வது என்று முடிவு செய்தார்கள். சண்டை இல்லை; பழி இல்லை. இருவரும் அழுதார்கள். இந்த நிலை நீடித்தால் சார்லட்டின் புத்தி பேதலித்துவிடும் என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது.

கிரேஸ் வந்தார்

1888 கோடையில் கிரேஸ் சானிங் கலிபோர்னியாவிலிருந்து புறப்பட்டு வந்தார். ரோட் ஐலண்டில் பிரிஸ்டல் என்ற சிற்றூரில் சார்லட்டுடனும் குழந்தையுடனும் தங்கினார். காலையில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து நாடகம் எழுதினார்கள், சிரித்தார்கள், ஊர்க்காரர்களை வைத்து விளையாட்டாக நடித்தும் காட்டினார்கள். டாக்டர் தொடக் கூடாது என்று சொன்ன பேனாவைச் சிநேகிதி எடுத்துக் கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் கிரேஸுடன் பசடேனாவுக்குப் புறப்பட்டார் சார்லட். இந்தத் தடவை மூன்று வயதுக் காதரினையும் உடன் அழைத்துச் சென்றார். சானிங் குடும்பத்தாருக்கு அண்டையில் சிறு வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். கையில் பணம் சொற்பம். நோயும் முற்றாக விட்டபாடில்லை. ஆனால் கூப்பிடு தூரத்தில் ஒரு குடும்பம் இருந்தது. தளர்ந்த நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும், தெளிந்த நாளில் எழுதியதைப் படித்துக் கேட்கவும் ஆள் இருந்தது.

1890 என்ற ஒரே வருஷத்தில் அவர் 33 கட்டுரைகளும் 23 கவிதைகளும் எழுதினார். பேனாவைத் தொட்டால் புத்தி கெடும் என்று சொல்லப்பட்டவர்!

மஞ்சள் சுவர்க் காகிதம்

அந்த 1890-ம் வருஷக் கோடையில், பசடேனாவின் கடும் வெயிலில் ஒரு சிறுகதையும் எழுதினார். மஞ்சள் சுவர்க் காகிதம் என்பது அதன் தலைப்பு.

சமீபத்தில் பிள்ளை பெற்ற ஒரு பெண். கணவனே டாக்டர். மனைவிக்கு நரம்புத் தளர்ச்சி என்று சொல்லிக் கிராமப்புறத்தில் பெரிய பங்களாவை வாடகைக்கு எடுத்து, மாடி அறையில் ஓய்வாக இருக்கச் செய்கிறான். ஜன்னல்களில் கம்பிகள், சுவரெல்லாம் அருவருப்பான மஞ்சள் காகிதம். குழந்தையை வேறொருத்தி வளர்க்கிறாள். எழுதக் கூடாது என்று கட்டளை. இவள் ஒளிந்து எழுதுகிறாள். பார்க்க வேறு எதுவும் இல்லாததால் சுவரையே பார்க்கிறாள். நாளடைவில் அந்தக் காகிதத்தின் சித்திரங்களுக்குப் பின்னால் ஒரு பெண் அடைபட்டு ஊர்வதாகத் தோன்றுகிறது. அவளை விடுவிக்கக் காகிதத்தைக் கிழிக்கிறாள். முடிவில் கணவன் கதவைத் திறக்கும்போது மனைவி அறையைச் சுற்றி ஊர்ந்துகொண்டிருக்கிறாள். கணவன் மயங்கி விழுகிறான். அவள் அவனையும் தாண்டி ஊர்ந்து செல்கிறாள்.

பெயர் பெற்ற பத்திரிகை ஒன்றின் ஆசிரியர், தாம் பட்ட வேதனையைப் பிறரும் படக் கூடாது என்று கதையைத் திருப்பி அனுப்பிவிட்டார். 1892 ஜனவரியில் நியூ இங்கிலாந்து மாகசின் அதைப் பிரசுரித்தது. இப்படிப்பட்ட கதைகளை எழுதவே கூடாது, படிப்பவருக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று ஒரு டாக்டர் கண்டனம் எழுதினார். மனம் பேதலிக்கத் தொடங்கும் நிலையை இதைவிடச் சரியாக யாரும் எழுதியதில்லை என்று இன்னொரு டாக்டர் பாராட்டினார்.

சார்லட் ஒரு பிரதியை டாக்டர் மிட்செலுக்கே அனுப்பினார். பதில் வரவில்லை. டாக்டர் அந்தக் கதையைப் படித்த பின் தம் சிகிச்சை முறையை மாற்றிக்கொண்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன் என்று சார்லட் எழுதியிருக்கிறார். ஆராய்ச்சியாளர்கள் தேடியும் அதற்குச் சாட்சியம் கிடைக்கவில்லை. ஆனால் சார்லட்டுக்கு வேறொரு செய்தியும் வந்தது. அதே நிலையில் இருந்த ஒரு பெண்ணின் குடும்பத்தார் கதையைப் படித்துப் பயந்து, அவளை வெளியே நடமாட விட்டார்கள், அவள் தேறிவிட்டாள். அந்தக் கதையை எழுதியதற்கு அதுவே போதும் என்று அவர் கருதினார்.

மகளைப் பிரிந்தார்

1891-ல் ஓக்லண்டு நகருக்குக் குடிபோனார். சாப்பாட்டு விடுதி நடத்தினார், கட்டுரை எழுதினார், பிரசங்கம் செய்தார். புற்றுநோய் கண்ட தாயார் மேரியைத் தம்மோடு வைத்துக் கடைசி வரை பணிவிடை செய்தார். தம்மைத் தூக்கத்தில் மட்டுமே தழுவிய அந்தத் தாயார் 1893 மார்ச்சில் காலமானார்.

1894-ல் விவாகரத்து ஆயிற்று. அதே வருஷம் வால்டர் ஸ்டெட்சன் கிரேஸ் சானிங்கை மணந்தார். சிநேகிதி துரோகம் செய்துவிட்டாள் என்று ஊர் பேசியது. சார்லட்டுக்கு அப்படித் தோன்றவில்லை. மூவரும் ஆயுள் முழுவதும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

அப்போது காதரினுக்கு ஒன்பது வயது. சார்லட்டுக்கு நிலையான வருமானம் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பேசிப் பிழைக்க வேண்டிய நிலை. மகளைத் தகப்பனிடமும் கிரேஸிடமும் அனுப்பி வைத்தார். ரெயிலடியில் சிரித்த முகத்தோடு வழியனுப்பினார்.

பத்திரிகைகள் அவரைப் பிடித்துக்கொண்டன. பெற்ற பிள்ளையைத் துறந்த இயற்கைக்கு விரோதமான தாய் என்று தூற்றின. அவர் பதிலுக்குப் பதில் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு பல ஆண்டுகள் வரை, தெருவில் ஒரு தாயும் குழந்தையும் கைகோர்த்துப் போவதைக் கண்டால் தமக்குக் கண்ணீர் வந்துவிடும் என்று சுயசரிதையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிள்ளை மேல் பாசம் இல்லாததால் வந்த நோய் அல்ல அது என்பதற்கு இந்தக் கண்ணீரே சாட்சி.

ஊர் கூடி வளர்க்க வேண்டும்

1895-ல் சிகாகோ நகரில் ஜேன் ஆடம்ஸ் அம்மையார் நடத்திய ஹல் இல்லத்தில் சில மாதங்கள் தங்கினார். ஏழைத் தொழிலாளர் குடியிருப்பின் நடுவே, படித்த பெண்கள் ஒன்றாக வசித்து, குழந்தைகள் காப்பகமும் பொதுச் சமையலறையும் வகுப்புகளும் நடத்திய தொண்டு நிலையம் அது.

1898-ல் பெண்களும் பொருளாதாரமும் என்ற அவருடைய புத்தகம் வெளிவந்தது. ஏழு மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பெண் தனித்தனியாக அடுப்பு ஊதி, தனித்தனியாகப் பிள்ளை வளர்த்து, தனித்தனியாக நொந்து போவதால் யாருக்கு லாபம் என்பது அவர் கேள்வி. பல குடும்பங்களுக்குச் சேர்ந்தாற்போல் ஒரு சமையலறையும், பயிற்சி பெற்றவர்கள் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் விடுதியும் வேண்டும் என்றார். தாய்க்குப் பிள்ளையைப் பிரியமாக வளர்க்கத் துணை வேண்டும். தனக்கென்று ஒரு தொழிலும் வேண்டும் என்பது அவர் கட்சி.

1900-ல் தம் உறவினரான ஹௌட்டன் கில்மன் என்ற வக்கீலை மணந்தார். இந்த மணவாழ்க்கை நிம்மதியாக அமைந்தது. காதரினும் அவரிடம் வந்து தங்கலானாள். 1909 முதல் 1916 வரை முன்னோடி என்று பொருள்படும் பெயரில் ஒரு மாதப் பத்திரிகை நடத்தினார். கதை, கவிதை, கட்டுரை, தொடர்கதை எல்லாவற்றையும் ஒருவரே எழுதினார். ஆயினும் பழைய நோயின் வடு மறையவில்லை. அவ்வப்போது இருள் வந்து கவியும். வாரக் கணக்கில் ஒன்றும் செய்ய இயலாது. அதை அவர் ஒளிக்கவும் இல்லை.

அவரிடம் பெரிய குறையும் இருந்தது. பெண்களுக்கு நியாயம் கேட்டவர் நீக்ரோ மக்களுக்கும் வெளிநாட்டிலிருந்து குடியேறிய ஏழைகளுக்கும் அந்த நியாயத்தைக் கேட்கவில்லை. கறுப்பின மக்களில் ஒரு பகுதியினரைக் கட்டாய உழைப்புப் படையில் சேர்க்க வேண்டும் என்று 1908-ல் ஒரு கட்டுரையே எழுதினார். அடிமைத்தனத்தைக் கண்டித்த ஸ்டோவ் அம்மையாரின் குடும்பத்தில் பிறந்தவர் இப்படி எழுதியது வருந்தத் தக்கது. அவர் வரலாற்றைச் சொல்பவர்கள் இதை மறைப்பது நேர்மையாகாது.

கடைசி நாட்கள்

1932-ல் அவருக்கு மார்பில் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. 1934-ல் கணவர் ஹௌட்டன் திடீரென்று காலமானார். சார்லட், மகள் காதரின் குடியிருந்த அதே பசடேனாவுக்குத் திரும்பினார். பேரக் குழந்தைகள் பக்கத்தில் இருந்தார்கள். வால்டர் 1911-லேயே இறந்துவிட்டார். விதவையாகிவிட்ட கிரேஸ் சானிங்கும் சிநேகிதிக்குத் துணையாக வந்து சேர்ந்தார். அரை நூற்றாண்டுக்கு முன் முதல் தடவை கைகொடுத்த அதே கிரேஸ்.

தீராத நோயின் முடிவில், 1935 ஆகஸ்டு 17-ந் தேதி சார்லட் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அவருடைய சுயசரிதை அதன் பிறகு அச்சாயிற்று. பிறகு ஜனங்கள் அவரை மறந்தார்கள். 1973-ல் நியூயார்க்கின் பெண்ணியப் பதிப்பகம் ஒன்று மஞ்சள் சுவர்க் காகிதத்தைத் தனிப் புத்தகமாக வெளியிட்டதும் பெயர் மீண்டது. இன்று அமெரிக்கக் கல்லூரிகளில் இலக்கிய மாணவர்களும் வைத்திய மாணவர்களும் அதைப் படிக்கிறார்கள்.

தாய்க்குத் தாய் துணை

கிரேஸ் சானிங் ஒருவர் சார்லட்டுக்குச் செய்ததைப் பிற்காலத்தில் பல பெண்கள் முறையாகவே செய்யத் தொடங்கினார்கள். பசடேனா இருக்கும் அதே கலிபோர்னியாவில் சாண்டா பார்பரா என்ற நகரில், ஜேன் ஹோனிக்மன் அம்மையாரும் அவருடைய தோழிகளும் 1977-ல் புதுத் தாய்மார்களுக்கு உதவும் தொண்டர் சங்கம் ஒன்றை ஆரம்பித்தார்கள். 1987-ல் அதே அம்மையார் இதற்கென ஒரு சர்வதேசச் சங்கத்தையும் நிறுவினார். தொலைபேசியில் கூப்பிட்டால், இதே துன்பத்தை அனுபவித்துத் தேறிய இன்னொரு தாய் பேசுவார். அவரிடம் மருந்து இல்லை. தனக்கும் இப்படித்தான் இருந்தது, தேறிவிட்டது என்று சொல்ல அவரால் முடியும்.

இது வெறும் ஆறுதல் வார்த்தைதானா என்று ஆராய்ந்தும் பார்த்துவிட்டார்கள். கனடா தேசத்தில் மனச்சோர்வு வரக்கூடிய நிலையில் இருந்த 701 தாய்மார்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்குத் தொண்டர் தாய்மார்கள் தொலைபேசியில் துணையாக இருந்தார்கள். பிரசவமாகிப் பன்னிரண்டு வாரத்துக்குப் பின் பார்த்தால், துணை இல்லாதவர்களில் நூற்றுக்கு 25 பேருக்கும், துணை பெற்றவர்களில் 14 பேருக்கும் மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. முடிவு 2009-ல் வெளியாயிற்று.

பாகிஸ்தானில் ராவல்பிண்டி அருகே கிராமத்துச் சுகாதார ஊழியப் பெண்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் பிரசவத்துக்கு முன்னும் பின்னுமாக 16 தடவை அனுப்பினார்கள். ஆறு மாதத்துக் குழந்தை கையில் இருக்கும்போது, அவர்களில் நூற்றுக்கு 23 பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது. பயிற்சி பெறாத ஊழியர்கள் போய் வந்த வீடுகளில் 53 பேருக்கு நீடித்தது. 2008-ல் வந்த இந்த முடிவைக் கொண்டு உலகச் சுகாதார நிறுவனம் ஒரு கையேடே தயாரித்தது. நம் நாட்டில் கோவாவில் அக்கம்பக்கத்துத் தாய்மார்களையே சகி என்ற பெயரில் அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே கிடைத்த பலன் கொஞ்சம்தான் என்றாலும் பலன் இருந்தது.

தமிழ்நாட்டுக்கும் இது தூரத்துச் சங்கதி அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் கணியம்பாடி வட்டாரத்துக் கிராமங்களில் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்து 2002-ல் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் நூற்றுக்குப் 11 பேர். வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறப்பது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைவேலைக்கு உதவி இல்லாமை ஆகியவை நோய் வரக் காரணமாக நின்றன. கடைசியில் சொன்ன காரணத்தை அண்டை வீட்டாரே தீர்க்கலாம்.

நோய் முற்றினால் டாக்டரிடம் அழைத்துப் போவது அவசியம். இன்று நல்ல மருந்துகள் உண்டு. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடியவையும் உண்டு. 2022 முதல் மத்திய அரசாங்கம் நடத்தும் 14416 என்ற இலவசத் தொலைபேசியில் தமிழிலும் பேசலாம். தன் உயிரையோ குழந்தையின் உயிரையோ பற்றி விபரீதமாக ஒரு தாய் பேசினால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அவளைத் தனியே விடவும் கூடாது.

அந்த அளவுக்குப் போகுமுன் செய்யக்கூடியது எத்தனையோ இருக்கிறது. குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள், பெற்றவளையும் ஒரு வார்த்தை கேட்கலாம். அவள் தூங்கினாளா, சாப்பிட்டாளா என்று விசாரிக்கலாம். அழுதால் அதட்டாமல் பக்கத்தில் உட்காரலாம். ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டால் அவள் தலை வாரிக்கொள்வாள்; மனம் போனால் நாலு வரி படிப்பாள். 1888-ல் கிரேஸ் சானிங் செய்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான்.